தபாலுக்காகப் பறந்த படகுகள்

தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்பும் விமானங்களான பறக்கும் படகுகளைப் பற்றி இன்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பவை விளம்பரப் படங்கள்தாம். வெள்ளை மேசைவிரிப்பின்மேல் தேநீர்க் கோப்பைகள், அகன்ற சன்னல் வழியே நைல் நதியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சீமாட்டி, கரையில் காத்திருக்கும் மோட்டார்ப் படகு என்று அவை ஒரு சொகுசுக் காலத்தை நம் முன் நிறுத்துகின்றன. அந்தப் படங்கள் பொய்யல்ல. ஆனால், 1930-களின் பிற்பாதியில் இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பறந்த அந்தப் படகுகள் கட்டப்பட்டதே கடிதங்களைச் சுமப்பதற்காகத்தான் என்பதையும், பயணிகள் அந்தக் கடிதங்களின் தயவில் சேர்ந்து போனவர்கள் என்பதையும் அவை சொல்வதில்லை. பழைய விமானத் தபால் உறைகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவரும் எனக்கு, அந்தக் காலத்தைத் தபால் பையின் பக்கமிருந்து எழுதிவைக்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை.

1934 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. பேரரசுக்குட்பட்ட நாடுகளுக்கிடையே செல்லும் முதல் வகுப்புக் கடிதங்கள் அனைத்தும், தனியாக விமானக் கட்டணம் எதுவும் இல்லாமல், இனி விமானத்திலேயே செல்லும் என்பதே அது. அதுவரை விமானத் தபால் என்பது கூடுதல் கட்டணம் கட்ட வசதியுள்ள வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரியதாக இருந்தது. மற்றவர்களின் கடிதங்கள் கப்பலேறின. புதிய திட்டத்தில் இங்கிலாந்திலிருந்து அனுப்பும் கடிதத்துக்கு அரை அவுன்சுக்கு ஒன்றரைப் பென்னிதான். அவ்வளவு கடிதங்களையும் ஏற்றிச் செல்லும் வலிமை அப்போதிருந்த விமானங்களுக்கு இல்லை. எனவே பிரிட்டிஷ் விமானச் சேவையான இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம், ராச்செஸ்டரில் மெட்வே ஆற்றங்கரையில் இயங்கிவந்த ஷார்ட் சகோதரர்களின் தொழிற்சாலையிடம், மாதிரி விமானம் ஒன்றைக்கூடப் பறக்கவிட்டுப் பார்க்காமல் வரைபடத்தை மட்டுமே நம்பி 28 பறக்கும் படகுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆர்தர் கூஜ் என்னும் பொறியாளர் வடிவமைத்த அந்த வரிசையின் முதல் படகான 'கனோபஸ்' 1936 ஜூலையில் பறந்தது. கலிடோனியா, கேம்ப்ரியா, கோர்சேர், கோரியோலானஸ் என எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'சி' எழுத்தில் தொடங்கும் பெயர்களே சூட்டப்பட்டன. திட்டம் 1937 ஜூன் இறுதியில் ஆப்பிரிக்கப் பாதையிலும், 1938 பிப்ரவரியில் இந்தியா, பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்கும், அதே ஆண்டு ஜூலையில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கும் நடைமுறைக்கு வந்தது.

தண்ணீரில் இறங்கும் விமானத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி இயல்பானது. கனமான விமானம் ஓடி எழுவதற்குரிய நீண்ட, உறுதியான ஓடுதளங்கள் அந்தப் பாதையில் இருந்த ஊர்களில் அப்போது அரிது. பெரும்பாலான விமான நிலையங்கள் வெறும் புல்தரைகள். மழைக்காலத்தில் சக்கரம் புதைந்துவிடும். துறைமுகமோ ஆறோ ஏரியோ இருந்தால், எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் ஓடிக்கொள்ளலாம். சக்கரமும் அதைத் தாங்கும் கட்டமைப்பும் தேவையில்லை. பேரரசின் பெரிய ஊர்களில் பலவும் நீர்க்கரையில்தான் இருந்தன. தண்ணீர் இலவசமாகக் கிடைக்கும் ஓடுதளம் என்ற இந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பது பிறகுதான் தெரிந்தது.

படகின் உள்ளமைப்பைப் பார்த்தாலே எதற்கு முதலிடம் என்பது விளங்கிவிடும். இரண்டு தளங்கள். மேல்தளத்தில் விமானிகளின் அறை, அதற்குப் பின்னால் தபால் வைக்கும் அறை. கீழ்த்தளத்தில் பயணிகளின் அறைகள். புகைபிடிப்பதற்கு ஓர் அறை, எழுந்து நின்று சன்னல் கம்பியில் கையூன்றி வெளியே பார்ப்பதற்கு உலாவும் அறை. நான்கு பிரிஸ்டல் பெகாசஸ் எஞ்சின்கள், மணிக்கு ஏறத்தாழ 265 கிலோமீட்டர் வேகம், ஒரே மூச்சில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் அளவிலான தூரம். பகலில் 24 பேர் அமரலாம் என்று திட்டமிடப்பட்டிருந்தாலும், தபாலின் எடை கூடக்கூட இருக்கைகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1938-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வாழ்த்துக் கடிதங்கள் குவிந்தபோது, பயணிகளுக்கு இடமில்லை என்று சொல்லித் தபால் பைகளை ஏற்றினார்கள். பயணச்சீட்டுக்குப் பெருந்தொகை கொடுத்த ஒருவரைக் கரையில் நிறுத்திவிட்டு ஒன்றரைப் பென்னிக் கடிதங்களை ஏற்றிய அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். திட்டம் யாருக்காகத் தீட்டப்பட்டதோ அவர்களுக்கு அது உண்மையாக நடந்துகொண்டது.

பயணிகள் யார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இந்தப் படகுகள் இறங்கின. சிங்கப்பூரில் 1937-இல் திறக்கப்பட்ட காலாங் விமான நிலையம், தரையில் இறங்கும் விமானத்துக்கும் நீரில் இறங்கும் படகுக்கும் சேர்த்தே கட்டப்பட்டது. ஆனால் அதே ஊர்களில் ரப்பர்த் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் உழைக்கப் போன நம்மவர்கள் 'ரஜுலா' போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் பாய் விரித்துத்தான் வங்காள விரிகுடாவைக் கடந்தார்கள். பறக்கும் படகின் உலாவும் அறை அவர்களுக்கு எட்டாதது.

சவுத்தாம்ப்டனில் புறப்படும் படகு மார்சேய், ரோமுக்கு அருகிலுள்ள பிராச்சானோ ஏரி, பிரிண்டிசி, ஏதென்ஸ், அலெக்சாண்டிரியா, திபேரியாவில் கலிலேயா ஏரி, பாக்தாதுக்கு மேற்கே ஹப்பானியா ஏரி, பஸ்ரா, பஹ்ரைன், துபாய்க் கழிமுகம் எனத் தண்ணீரிலிருந்து தண்ணீருக்குத் தாவிக் கராச்சியின் கோரங்கி ஓடையில் வந்து இறங்கும். இரவில் பெரும்பாலும் பறப்பதில்லை. பயணிகள் ஓட்டல்களில் தங்கி விடியுமுன் எழுந்து மீண்டும் படகேறுவார்கள். கராச்சிக்குக் கிழக்கே பாதை இன்னும் வியப்பானது. கடலே இல்லாத ராஜஸ்தானத்தில், மேவார் மன்னர் ராஜ்சிங் பதினேழாம் நூற்றாண்டில் வெட்டுவித்த ராஜ்சமந்த் ஏரி. பளிங்குப் படித்துறைகள் கொண்ட அந்த ஏரியில் நான்கு எஞ்சின் படகு வந்திறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். அடுத்து குவாலியரில் ஓர் ஏரி, அலகாபாத்தில் யமுனை, கல்கத்தாவில் ஹூக்ளி. அப்புறம் அக்யாப், ரங்கூன், பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர், டச்சுத் தீவுகள் (இன்றைய இந்தோனேசியா), டார்வின், கடைசியாக சிட்னியின் ரோஸ் பே. முழுப் பயணத்துக்கு ஒன்பது பத்து நாள் ஆகும்.

இந்தப் பாதையில் சென்னை இல்லை. ஆனால் சென்னைக் கடிதம் இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தது நமக்குத் தெரிந்த வரலாறு. அந்தச் சேவை தொடங்கப்பட்டதே கராச்சியில் இம்பீரியல் ஏர்வேஸிடம் தபாலை வாங்கவும் கொடுக்கவும்தான். 1938 பிப்ரவரியில் பேரரசுத் திட்டம் இங்கு வந்தபோது டாட்டா விமானம் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பின் இரத்மலானை வரை நீட்டிக்கப்பட்டது. ஆக, திருச்சியிலோ கொழும்பிலோ பெட்டியில் போட்ட சாதாரணக் கடிதம் டாட்டா விமானத்தில் கராச்சிக்குப் போய், அங்கே பறக்கும் படகுக்கு மாறி, ஒரு வார அளவில் லண்டனைச் சேர்ந்தது. அதற்கு முன் கப்பலில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

என்னிடம் உள்ள உறைகளில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது 1938 ஏப்ரலில் சென்னைத் தலைமைத் தபால் நிலைய முத்திரை குத்தப்பட்டு லண்டனுக்குப் போன ஒன்று. மெல்லிய சாம்பல் நிறத் தாள், மடிப்புகளில் நூலாகியிருக்கிறது. முகவரி ஊதா மையில், நிப்புப் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. கீழே 'இங்கிலாந்து' என்ற சொல்லுக்கு அடியில் இரட்டைக் கோடு. 'விமானத் தபால்' என்ற நீலச் சீட்டு அதில் ஒட்டப்படவில்லை. எல்லாக் கடிதமும் விமானத்தில்தான் போகும் என்றான பிறகு அந்தச் சீட்டுக்கு வேலையில்லை. ஒட்டியிருப்பது ஒரே ஒரு தபால் தலை: இரண்டரை அணா, ஊதா நிறம், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலைக்குப் பக்கத்தில் தபால் மாட்டுவண்டி. 1937-இல் வெளியான அந்த வரிசையில், இரண்டு அணா முதல் பன்னிரண்டு அணா வரை, தபால் ஓட்டக்காரர், மாட்டுவண்டி, டோங்கா என்னும் குதிரைவண்டி, ஒட்டகம், ரயில், கப்பல், லாரி, விமானம் எனத் தபால் போகும் வழிகளில் ஒன்று ஒவ்வொரு மதிப்புக்கும் இருந்தது. இங்கிலாந்துக்குப் போகும் கடிதத்தின் கட்டணம் இரண்டரை அணாவாக அமைந்ததால், உலகின் மிக நவீனமான தபால் விமானத்தில் சென்ற இந்தியக் கடிதங்கள் மாட்டுவண்டிப் படத்தோடு சென்றன. அதே வரிசையின் விமானப் படம் பன்னிரண்டு அணாத் தலையில் இருந்தது. அதுவும் தரையில் இறங்கும் விமானம்தான்.

தண்ணீரிலிருந்து எழும்புவது எளிய வேலையல்ல. படகின் அடிப்பாகத்தில், ஏறத்தாழ நடுவில், குறுக்கே ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். நான்கு எஞ்சின்களும் முழு வேகத்தில் முழங்க, முதலில் படகு மூக்கை உயர்த்திக்கொண்டு தண்ணீரைப் பிளந்து ஓடும். கீழ்த்தளச் சன்னல்கள் முழுவதும் நுரை மறைத்துவிடும். வேகம் கூடியதும் உடல் மேலேறி அந்தப் படியின்மேல் மட்டும் வழுக்கத் தொடங்கும். படிக்குப் பின்னால் காற்று புகுந்து தண்ணீரின் பிடி விடும். அதன் பிறகே எழும்ப முடியும். அலையில்லாமல் கண்ணாடியாகக் கிடக்கும் தண்ணீரில் இந்தப் பிடி எளிதில் விடாது. அப்போது ஒரு மோட்டார்ப் படகு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடி அலை எழுப்பிக் கொடுக்கும். இறங்கும்போதும் அதே தண்ணீர் ஆபத்தானது, ஏனெனில் விமானியால் தன் உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. மிதக்கும் மரக்கட்டை ஒன்று அடித்தகட்டைக் கிழித்துவிடலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் இறங்கும் பரப்பைப் படகோட்டிச் சோதிக்க வேண்டும். நங்கூர மிதவைகள், எரிபொருள் தெப்பங்கள், பயணிகளை ஏற்றியிறக்கும் படகுகள், உப்பு அரித்த தகடுகளை இடைவிடாமல் பழுதுபார்க்கும் ஆட்கள் என்று இலவச ஓடுதளத்துக்கான செலவு ஏறிக்கொண்டே போனது.

விபத்துகளும் குறைவில்லை. 1937 டிசம்பரில் 'சிக்னஸ்' பிரிண்டிசியில் எழும்பும்போது நொறுங்கியது. 1938 நவம்பரில் 'கல்பூர்னியா' கிறிஸ்துமஸ் தபாலுடன் ஹப்பானியா ஏரியருகே விழுந்தது. 1939 ஜூனில் 'செஞ்சூரியன்' ஹூக்ளியில் இறங்கும்போது கவிழ்ந்தது. இவற்றிலிருந்து மீட்கப்பட்ட கடிதங்களை உலர்த்தி, நீரால் சேதமடைந்தது என்று முத்திரையிட்டு, உரியவர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். அத்தகைய உறைகளைச் சேகரிப்பாளர்களிடம் பார்த்திருக்கிறேன். மை கரைந்து பரவியிருக்கும். பசை ஊறித் தபால் தலை கழன்றுபோன இடம் வெறும் சதுரமாக இருக்கும். ஆனாலும் முகவரியைப் படித்து யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

'கோர்சேர்' கதை மட்டும் நல்லபடியாக முடிந்தது. 1939 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வடக்கே வந்துகொண்டிருந்த அந்தப் படகு, திசைகாட்டும் வானொலிக் கருவி ஏமாற்றியதால் நைல் நதிக்கரையிலுள்ள ஜூபாவைத் தவறவிட்டு வழி மாறியது. எரிபொருள் தீரும் தறுவாயில் அன்றைய பெல்ஜியக் காங்கோவின் டுங்கு என்னும் ஒடுங்கிய ஆறு கண்ணில் பட, கேப்டன் ஆல்காக் அதில் இறக்கினார். பாறை மோதி அடித்தகடு கிழிந்தது. மூழ்குமுன் சேற்றுக் கரையில் ஏற்றிவிட்டதால் அனைவரும் உயிர் பிழைத்தார்கள். பயணிகளும் தபாலும் வேறு வழியாகப் போய்ச் சேர, இங்கிலாந்திலிருந்து வந்த பொறியாளர்கள் காட்டுக்குள்ளேயே படகைப் பழுதுபார்த்தார்கள். ஜூலையில் எழும்ப முயன்றபோது மீண்டும் பாறை கிழித்தது. இரண்டாம் முறை பழுதுபார்ப்பதற்குள் உலகப்போர் தொடங்கிவிட்டது. விமானம் எதையும் இழக்க முடியாத நிலை. ஆற்றின் நீர்மட்டத்தை உயர்த்துவதற்காக, உள்ளூர்த் தொழிலாளர்களைக் கொண்டு ஓர் அணையே கட்டினார்கள். 1940 ஜனவரியில் கேப்டன் கெல்லி-ராஜர்ஸ் அந்தக் குறுகிய நீர்ப்பரப்பிலிருந்து படகை மேலெழுப்பினார். தொழிலாளர்கள் தங்கியிருந்த இடத்துக்குக் கோர்சேர்வில் என்ற பெயர் நிலைத்தது.

போர் தொடங்கியதும் 1939 செப்டம்பரில் பேரரசுத் தபால் திட்டம் நிறுத்தப்பட்டது. சாதாரண மனிதரின் கடிதம் மீண்டும் கப்பலுக்குத் திரும்பியது. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்ததோடு கிழக்குப் பாதையும் அறுந்தது; 'கோரியோ' திமோர் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது, 'சர்சி' ஜாவாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கையில் காணாமல் போனது, 'கொரின்னா' புரூம் துறைமுகத்தில் எரிந்தது. நம் செங்குன்றம் ஏரியிலும் அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா வகைப் பறக்கும் படகுகள் இறங்கின. ஆனால் அவை கடற்காவலுக்கு வந்தவை. தபாலோடு அவற்றுக்குத் தொடர்பில்லை.

திருகோணமலைக்கு வந்துபோன ஒரு பயணிகள் படகைச் சொல்லாமல் விட முடியாது. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 314 வகை 'பசிபிக் கிளிப்பர்', 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபோது நியூசிலாந்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. வந்த வழியே திரும்ப முடியாது என்பதால், உலகின் மறுபக்கத்தைச் சுற்றி நியூயார்க்குக்கு வந்து சேரும்படி கேப்டன் ராபர்ட் ஃபோர்டுக்கு உத்தரவு. சுராபாயாவில் விமான எரிபொருள் கிடைக்காமல் கார்களுக்குரிய பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்தார்கள். இலங்கையை நெருங்கி மேகத்துக்குக் கீழே இறங்கியபோது, கடல்மேல் மிதந்துகொண்டிருந்த ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று நேர் எதிரே தென்பட்டது. அதன் மாலுமிகள் பீரங்கியை நோக்கி ஓட, கிளிப்பர் மீண்டும் மேகத்துக்குள் ஏறித் தப்பியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் திருகோணமலையிலிருந்து புறப்பட்டதும் ஓர் எஞ்சின் பழுதாகித் திரும்பிவந்து, துறைமுகத்திலேயே பழுதுபார்த்து, 26-ஆம் தேதி கராச்சிக்குக் கிளம்பினார்கள். பஹ்ரைன், கார்ட்டூம், காங்கோ நதி, பிரேசில் வழியாக 1942 ஜனவரி 6 அன்று நியூயார்க்கில் இறங்கினார்கள்.

இலங்கையின் தென்கோடியில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல வாவி இன்னும் நெடிய கதை உடையது. சிங்கப்பூர் விழுந்தபின் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அறுந்த தபாலை இணைப்பதற்காக, ஆஸ்திரேலிய விமானச் சேவையான குவாண்டாஸ் நிறுவனம் 1943-இல் பெர்த்தின் ஸ்வான் ஆற்றுக்கும் கொக்கலவுக்கும் இடையே ஐந்து கேட்டலினா படகுகளை ஓட்டத் தொடங்கியது. 5,600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடல். இடையில் இறங்க ஒரு தீவும் பாதுகாப்பில்லை. ஜப்பானியர் ஒட்டுக்கேட்பார்கள் என்பதால் வானொலி பேசக் கூடாது. நட்சத்திரம் பார்த்தே வழி காண வேண்டும். அல்டேர், வேகா, ரைகல், அண்டாரஸ், ஸ்பைக்கா என்று அந்த ஐந்து படகுகளுக்கும் நட்சத்திரப் பெயர்களே வைத்திருந்தார்கள். எடை முழுவதையும் எரிபொருளே தின்றுவிட்டதால் மூன்று பயணிகளுக்கும் எழுபது கிலோவுக்குச் சற்றுக் குறைவான தபாலுக்கும்தான் இடமிருந்தது. ஒரு பயணம் 27 மணி முதல் 33 மணி வரை நீளும். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் கண்டதற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தும் ஒரு படகுகூட இழக்கப்படவில்லை. பறக்கும் படகுகளின் வரலாற்றில் இதைவிடச் சிறந்த சாதனை இல்லை என்பதே என் எண்ணம். போர் முடிந்ததும், போர்க்காலத்தில் அமெரிக்கா நேச நாடுகளுக்குத் தளவாடம் கொடுத்த கடன்-குத்தகை ஒப்பந்த விதிகளின்படி, அந்த ஐந்தையும் ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடித்தார்கள்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போரின்போது உலகெங்கும் நீண்ட ஓடுதளங்கள் போடப்பட்டுவிட்டன. வேகமான தரை விமானங்கள் வந்துவிட்டன. இம்பீரியல் ஏர்வேஸின் வழிவந்த பி.ஓ.ஏ.சி. நிறுவனம் 1950-இல் பறக்கும் படகுகளைக் கைவிட்டது. சவுத்தாம்ப்டனிலிருந்து மடைராவுக்குப் படகுகளை ஓட்டிய அக்விலா நிறுவனம் 1958-இலும், நியூசிலாந்திலிருந்து பசிபிக் தீவுகளுக்கு ஓட்டிய டீல் நிறுவனம் 1960-இலும் அவற்றை நிறுத்தின. சிட்னியின் ரோஸ் பேயிலிருந்து லார்ட் ஹோவ் தீவுக்குப் போன சேவை மட்டும், அத்தீவில் ஓடுதளம் இல்லாத காரணத்தால், 1974 வரை நீடித்தது. அந்தப் பாதையில் பறந்த சாண்டிரிங்ஹாம் வகைப் படகு ஒன்றைச் சவுத்தாம்ப்டனின் சோலன்ட் ஸ்கை அருங்காட்சியகத்திலும், டீல் நிறுவனத்தின் சோலன்ட் வகைப் படகு ஒன்றை ஆக்லாந்திலும் இன்றும் காணலாம். ஆனால் கனோபஸ் வரிசையில் ஒன்றுகூட முழுமையாக எஞ்சவில்லை. நெடுங்காலம் பறந்த கோரியோலானஸும் போருக்குப் பின் சிட்னியில் உடைக்கப்பட்டது.

எஞ்சியிருப்பவை அவை சுமந்த கடிதங்கள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் 1938 பிப்ரவரிக்கும் 1939 செப்டம்பருக்கும் இடைப்பட்ட முத்திரையோடு இங்கிலாந்துக்குப் போனதோ அங்கிருந்து வந்ததோ ஏதேனும் உறை இருந்தால், தயவுசெய்து தபால் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்காதீர்கள். தலைக்குச் சந்தையில் பெரிய மதிப்பு கிடையாது. முத்திரைத் தேதி, கட்டணம், முகவரி, பின்பக்கக் குறிகள் எல்லாம் ஒரே உறையில் சேர்ந்திருந்தால்தான் அந்தக் கடிதம் எப்போது புறப்பட்டு எந்த வழியாகப் போயிருக்கும் என்று கணிக்க முடியும். பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், அமிலமில்லாத தாளில் வைத்து, இரு பக்கங்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். அத்தகைய உறை உங்களிடம் இருந்தால் கீழே தெரிவியுங்கள். தேதியை வைத்து வழியைக் கண்டுபிடிக்க என்னால் இயன்ற உதவியைச் செய்கிறேன்.